மெல்வில்லின் ‘டைப்பி’ : கண்டதும் கேட்டதும் கொண்டதும்

திமிங்கில வேட்டையைப் பொருளாகக் கொண்ட ஆங்கிலப் புதினம் என்றவுடன் 1851-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மோபி டிக்’ என்னும் பெருநூலே கற்றோர் நினைவிற்கு வரும். ஆயினும் அதனை இயற்றிய ஹெர்மன் மெல்வில் (1819–1891) தம் வாழ்நாளில் பெற்ற புகழ் அந்நூலால் வந்ததன்று. 1846-இல் வெளியான ‘டைப்பி’ என்னும் முதல் நூலால் வந்தது. பசிபிக் பெருங்கடலின் தீவொன்றில், மனித ஊன் உண்போர் எனப் பெயர் பெற்ற மக்களிடையே வாழ்ந்து மீண்டவர் என்றே உலகம் அவரை அறிந்திருந்தது. பிற்காலத் தலைமுறையும் தம்மை அவ்வாறே எண்ணிவிடுமோ என்று அவர் நண்பர் ஹாதார்னுக்கு எழுதிய மடலொன்றில் மனங்கசந்து குறித்துள்ளார். மோபி டிக்கின் பெருமை அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே உணரப்பட்டது.

‘டைப்பி’ வெளிவந்த நாள்தொட்டு அதன்மேல் எழுப்பப்பட்ட வினா ஒன்றே: இது மெய்யா, புனைவா? நியூயார்க்கின் ஹார்ப்பர் பதிப்பகத்தார் இது மெய்யாக இருத்தல் இயலாது எனக் கூறிக் கைப்படியை மறுத்தனர். இலண்டனில் அமெரிக்கத் தூதரகச் செயலராக இருந்த தமையனார் கான்ஸ்வோர்ட் மெல்வில் அதனை ஜான் மர்ரி என்னும் பதிப்பாளரிடம் சேர்ப்பித்தார். மர்ரி தம் நூல்வரிசையில் புனைகதைக்கு இடம் அளிப்பதில்லை. எனவே அவரும் ஐயுற்றார். ஐயம் தெளிவிக்க மெல்வில் தீவின் வாழ்க்கை பற்றிய செய்திகளை மேலும் சேர்த்து அனுப்பினார். இந்நிகழ்ச்சி பின்னர்ப் பயன்படும், ஈண்டுக் குறித்துவைப்போம்.

மெய்யா புனைவா என முழுநூலையும் ஒரே துலாக்கோலில் இட்டு நிறுப்பது நூலை விளக்காது என்பது நம் கருத்து. இந்நூலில் ஆசிரியர் கண்ணாற் கண்டவை உள. மொழியறியாத செவியாற் கேட்டவை உள. பிறர் நூல்களினின்றும் கொண்டவையும் உள. இம்மூன்றையும் பிரித்துணர்ந்தால் நூலின் உண்மை எங்கே உறைகின்றது என்பது புலப்படும். அஃது யாவரும் தேடிய இடத்தில் இல்லை.

முதலில் வரலாறு. 1841-ஆம் ஆண்டு சனவரி 3-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பேர்ஹேவன் துறைமுகத்தினின்று ‘அக்கூஷ்னெட்’ என்னும் திமிங்கில வேட்டைக் கப்பல் புறப்பட்டது. இருபத்தோராண்டு இளைஞரான மெல்வில் அதில் மாலுமியாகச் சேர்ந்தார். அக்காலத் திமிங்கில வேட்டைக்காரர்க்குத் திங்கட்கூலி இல்லை. பயண முடிவில் கிடைக்கும் வருவாயில் பங்கு உண்டு. மெல்வில்லுக்கு ஒப்பிய பங்கு 175-இல் ஒன்று. பயணமோ மூன்று நான்கு ஆண்டுகள் நீளும். பீப்பாய்கள் நெய்யால் நிறைந்தாலன்றிக் கப்பல் திரும்பாது. உப்பிட்ட இறைச்சியும் கடின ரொட்டியுமே உணவு. பசிபிக் தீவுகளை அடைந்ததும் மாலுமிகள் ஓடிப்போவது அந்நாளில் வியப்பிற்குரிய செய்தியே அன்று. 1842 சூலை 9-ஆம் நாள், மார்க்கேசஸ் தீவுகளுள் ஒன்றான நூக்குஹிவாவில், மெல்வில்லும் ரிச்சர்ட் டோபியாஸ் கிரீன் என்னும் தோழரும் கப்பலை விட்டு மலைக்குள் ஓடினர். ஆகஸ்ட் 9-ஆம் நாள் ‘லூசி ஆன்’ என்னும் ஆஸ்திரேலியத் திமிங்கில வேட்டைக் கப்பலில் மெல்வில் ஏறினார். ஆகவே அவர் தீவின் உட்பகுதியில் வாழ்ந்த காலம் ஏறக்குறைய ஒரு திங்களே. நூலின் இலண்டன் பதிப்போ தலைப்பிலேயே நான்கு திங்கள் என்று கூறுகின்றது.

கதை வருமாறு. கதை சொல்வோன் தோழன் டோபியுடன் ‘டாலி’ என்னும் கப்பலை விட்டு ஓடுகிறான். தீவில் ஹப்பார், டைப்பி என இரு பகைக் குலத்தார் தனித்தனிப் பள்ளத்தாக்குகளில் வாழ்கின்றனர். ஹப்பார் நல்லவர், டைப்பி மனித ஊன் உண்போர் என்பது மாலுமிகள் வழங்கும் செய்தி. மழையிலும் பள்ளங்களிலும் அலைந்து, காலில் விளங்காத வீக்கமும் வலியும் கொண்டு, இருவரும் இறங்கிச் சேரும் இடம் டைப்பிகளின் பள்ளத்தாக்காகவே முடிகிறது. அங்கே அவர்களுக்குக் கிடைத்ததோ பெருவிருந்தோம்பல். மார்ஹேயோ என்னும் முதியவர் வீட்டில் உறையுள். கோரி-கோரி என்னும் இளைஞன் பணிவிடை. ஃபயாவே என்னும் பெண்ணின் அன்பு. டோபி மருந்து தேடி வெளியேறித் திரும்பாது போகிறான். எஞ்சியவன் விருந்தினனா கைதியா என்பது அவனுக்கே தெரியவில்லை. எங்கும் செல்லலாம், கடற்கரைக்கு மட்டும் செல்லலாகாது. திமிங்கில வேட்டைக்காரன் கதையாயினும் திமிங்கிலம் ஒன்றேனும் கொல்லப்படும் காட்சி இந்நூலில் இல்லை.

இனி, பிறர் நூல்களினின்று கொண்டவற்றைப் பார்ப்போம். 1813-இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் டேவிட் போர்ட்டர் இத்தீவில் தங்கி, டைப்பிகளோடு பொருது அவர்தம் ஊர்களை எரித்தார். பின்னர்த் தம் செலவினைப் பற்றி நூலும் எழுதினார். அந்நூலைத் தாம் கண்டதே இல்லை என்று மெல்வில் முதல் அதிகாரத்திலேயே கூறுகிறார். ஆனால் சார்லஸ் ராபர்ட்ஸ் ஆண்டர்சன் 1939-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, போர்ட்டர், ஸ்டூவர்ட், எல்லிஸ் முதலியோர் நூல்களினின்று பல செய்திகளை மெல்வில் எடுத்தாண்டிருப்பதைப் பகுதி பகுதியாகக் காட்டியது. விழாக்கள், கல்மேடைகள், சமயச் சடங்குகள், மரவுரி செய்யும் முறை ஆகியன பற்றிய அதிகாரங்கள் பெரும்பாலும் இவ்வகையின. ஃபயாவேயுடன் அவன் ஓடம் செலுத்தி மகிழும் ஏரி அப்பள்ளத்தாக்கில் இல்லவே இல்லை. அவள் தன் மரவுரியை அவிழ்த்துப் பாயாக விரித்து நிற்கும் காட்சி நூலிலேயே புகழ்பெற்றது என்பதை எண்ணுங்கால் நகைப்பே தோன்றுகின்றது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. மர்ரியின் ஐயத்தைத் தீர்க்கச் சேர்த்த பகுதிகள் தீவின் வழக்கங்களைப் பற்றியன எனக் கண்டோம். மெய்ம்மைக்குச் சான்று வேண்டியபோது ஆசிரியர் தம் நினைவை மட்டும் நாடவில்லை. அச்சிட்ட நூல்களையும் நாடினார். ஆகவே மெய்யெனக் காட்டுதற்கென்றே எழுதிய இடங்களில்தான் அவர் சொந்தக் காட்சி குறைந்து காணப்படுகிறது. நடையும் இதனைக் காட்டிக்கொடுக்கும். அவ்வதிகாரங்களில் தயக்கம் இல்லை. எல்லாம் அறிந்தவர்போல் அடுக்கிச் செல்வார். அவர் கண்ட காட்சிகளிலோ ஒவ்வொரு வரியிலும் ஐயமும் அச்சமும் ஊடாடும்.

மொழிச் செய்தி நம் துறையினர்க்குச் சிறப்பாக உரியது. ஆதலின் சற்றே விரித்துரைப்போம். பொலினேசிய மொழிகளில் அசை ஒவ்வொன்றும் உயிரிலேயே முடியும். மெய்யீறு என்பது அவற்றில் இல்லை. மொழியிறுதியில் நிற்கத்தகும் மெய்கள் இவை என வரையறுக்கும் இலக்கண மரபில் பயின்ற நமக்கு இவ்விதி எளிதில் விளங்கும். இதனைக் கொண்டு நோக்கினால் ‘ஹப்பார்’ என்னும் பெயர் அம்மொழிச் சொல்வடிவமாக இருத்தல் இயலாது. அக்குலத்தின் பெயர் ஹப்பா என்பதற்கு நெருங்கிய ஒலியுடையது; ஈற்று அகரத்திற்கு முன் குரல்வளையில் ஒரு தடையொலி உண்டு. அவ்வொலியை எழுத ஆங்கிலத்தில் எழுத்தில்லை. நீண்டு ஒலித்த ஆகாரத்தைக் குறிக்க மெல்வில் ரகரத்தைச் சேர்த்தார் போலும். ‘நல்லது’ என்னும் பொருளில் அவர் ‘மோர்ட்டார்க்கி’ என எழுதும் சொல்லின் ரகரங்களும் அவ்வகையினவே ஆதல் வேண்டும்.

ஆனால் கோரி-கோரி போன்ற பெயர்களில் உயிர்களிடையே நிற்கும் ரகரத்திற்கு இவ்விளக்கம் பொருந்தாது. பொலினேசிய மூலமொழியின் ரகர லகரங்கள் மார்க்கேசிய மொழியில் பெரும்பாலும் குரல்வளைத் தடையொலியாகத் திரிந்துவிட்டன. மெல்வில் பின்னர்த் தங்கிய தாகித்தித் தீவின் மொழியிலோ ரகரம் உண்டு. நியூயார்க் திரும்பி எழுதத் தொடங்கியபோது ஈரிடத்து ஒலிகளும் அவர் செவியில் கலந்திருக்கலாம். சில பெயர்கள் அவர் படைத்தனவாகவும் இருக்கலாம்.

இவ்வளவில் நின்றால் மெல்வில்லின் மொழிச்சான்று பயனற்றது என்றே முடிவு செய்வோம். அற்றன்று. கதை சொல்வோன் தன் பெயர் ‘டாம்’ என்கிறான். டைப்பித் தலைவன் மெஹேவியால் அதனைச் சொல்ல இயலவில்லை. ஈற்றில் ஓர் உயிரைச் சேர்த்துச் சேர்த்துப் பலவாறு முயல்கிறான். இறுதியில் இருவரும் ‘டாமோ’ என்பதில் உடன்படுகின்றனர். மெய்யீற்றை ஏலாத நா இவ்வாறுதான் செய்யும். வல்லின மெய்யில் முடியும் அயற்சொற்களுக்கு உகரம் கூட்டி ஒலிப்பது நம்மவர்க்கும் இயல்பன்றோ? பொலினேசிய ஒலியியல் விதி எதையும் மெல்வில் கற்றவரல்லர். ஆயினும் அவ்விதி அவர் காட்சியில் பிழையின்றி இயங்குகிறது. இது நூலினின்று கொண்டதாகத் தோன்றவில்லை; எதிரே அமர்ந்து செவியாற் கேட்டதே. ஒரே ஆசிரியர், ஒரே மொழி: பெயர்களை எழுதும்போது தவறுகிறார், நிகழ்ச்சியைச் சொல்லும்போது தவறவில்லை.

பள்ளத்தாக்கில் முதலிரவும் இத்தகையதே. நீவிர் போற்றுவது டைப்பியையா ஹப்பாரையா என்பதே டைப்பிகள் வினாவின் கருத்து. வினவுவோர் எக்குலத்தார் என்பதை ஓடிவந்தோர் அறியார். விடை தவறினால் உயிர் போகலாம். கதை சொல்வோன் குருட்டுத் துணிவில் டைப்பியே நல்லது என்கிறான், அது பொருந்திவிடுகிறது. நூலின் கருவே இவ்வொரு காட்சியில் அடங்கியுள்ளது எனலாம். இம்மனிதன் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த காலமெல்லாம் பொருளறியாத வினாக்களுக்கு விடை கூறிக்கொண்டே இருந்தான்.

‘தாபு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 1777-இல் தோங்கா தீவில் குக் என்னும் கடலோடி கேட்டு எழுதியதனால் ஆங்கிலத்தில் ‘டபூ’ எனப் புகுந்த சொல் இது. விலக்கு, தூய்மை, தீண்டாமை, புனிதம் யாவும் அதனுள் அடங்கும். பெண்டிர் ஓடத்தில் ஏறலாகாது, சில மரங்களைத் தொடலாகாது, ‘தி’ எனும் ஆடவர் மன்றத்துள் மகளிர் புகலாகாது என வரிசையாகக் கூறும் மெல்வில், இவற்றின் அடிப்படை தமக்கு விளங்கவில்லை என்பதையும் மறையாது உரைக்கிறார். பின்வந்த மானிடவியலார் பலர் இச்சொல்லை எளிதில் விளக்கிவிட்டனர். அவர்களினும் இவரது அறியாமையே நேர்மையுடையது என்பது நம் எண்ணம்.

மனித ஊன் உண்ணுதல் பற்றிய செய்தியும் இவ்வாறே. வீட்டின் உத்தரத்தில் தொங்கும் மூன்று பொதிகளை அவன் ஒருநாள் எதிர்பாராமற் காண்கிறான், அவை உலர்ந்த தலைகள், ஒன்று வெள்ளையனுடையது. பின்னர் ஹப்பார்களுடன் நேர்ந்த போரில் பட்டோர் உடல்கள் இலைகளிற் சுற்றிக் கொணரப்படுகின்றன. அவனை மன்றத்தினின்றும் அகற்றிவிடுகின்றனர். சில நாட்களில் மரத்தொட்டி ஒன்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது புதிதான மனித எலும்புகள். பன்றியின் எலும்பே என்று கோரி-கோரி கூவுகிறான். ஊன் உண்டதை அவன் தன் கண்ணாற் காணவில்லை. கண்டதாகச் சொல்லவும் இல்லை. உண்டியல் நிரப்பும் பயணநூலார் பலர் அவ்விடத்தில் ஒரு கொடும் விருந்தையே வருணித்திருப்பர். மெல்வில் தொட்டியின் மூடியோடு நிறுத்திக்கொண்டார். அவன் உண்மையில் அஞ்சுவதும் உண்ணப்படுதலை மட்டுமன்று. முகத்தில் பச்சை குத்திவிடுவர் என்பதையும்தான். முகத்தில் பச்சை குத்தியவன் தன் நாட்டார் முன்னே ஒருநாளும் திரும்ப நிற்றல் இயலாது அல்லவா?

1846-ஆம் ஆண்டு சூலையில் நிகழ்ந்தது வியப்பானது. நூலில் மறைந்துபோன டோபி, அதாவது ரிச்சர்ட் டோபியாஸ் கிரீன், பஃபலோ நகரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்துகொண்டு உயிருடன் இருந்தார். நாளிதழுக்கு மடல் எழுதி மெல்வில் கூறியது மெய்யே எனச் சான்றுரைத்தார். ஐயுற்றோர் வாயடைந்தனர். மெல்வில்லும் டோபியின் கதையை நூலிறுதியில் பின்னிணைப்பாகச் சேர்த்தார். வழக்கு முடிந்தது என்றே அனைவரும் கருதினர். ஆனால் டோபி பள்ளத்தாக்கில் இருந்தது முதற் சில நாட்களே. ஓடியதற்கும் இறங்கியதற்கும் அவர் சான்று. அவர் அகன்றபின் விரியும் வாழ்க்கைக்கு அவர் எவ்வாறு சான்றாவார்? நூலின் பெரும்பகுதி அவர் காணாததே. இவ்வெளிய வேறுபாட்டை அந்நாளைய வாசகர் கருதாமற் போனது, ‘மெய்யா, பொய்யா’ என்னும் வினாவே எவ்வளவு மொட்டையானது என்பதற்கு எடுத்துக்காட்டு.

அதே ஆண்டில் நூலின் மெய்ம்மைக்கு நேர்ந்த உண்மையான ஊறு வேறு. நியூயார்க் பதிப்பாளர் வேண்ட, மெல்வில் அமெரிக்கப் பதிப்பினின்று பல பகுதிகளை நீக்கினார். சமயத் தொண்டர்களைப் பழித்த இடங்கள், கப்பல் துறைமுகம் அடைந்த நாளில் மாலுமிகள் தீவுப் பெண்களிடம் நடந்துகொண்ட முறை, வெள்ளையர் நாகரிகத்தையும் தீவினர் வாழ்வையும் ஒப்பிட்டு முன்னதைக் குறைகூறிய பகுதிகள் ஆகியன போயின. ஹானலூலுவில் சமயத் தொண்டர் ஒருவரின் மனைவி தீவினரை வண்டியில் பூட்டி இழுக்கச்செய்து உலாவரும் காட்சியும் நீங்கியது. நூல்களினின்று கொண்டவை மெய்யெனத் தங்கின. கண்டும் உணர்ந்தும் எழுதியவை பொருந்தாதன என நீங்கின. பாடபேத ஆராய்ச்சியில் ஈடுபடுவோர் இலண்டன் பதிப்பையே முதன்மையாகக் கொள்ளுதல் தக்கது. 1983-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் களஞ்சியமொன்றில் கிடைத்த கைப்படி ஏடுகள் முப்பதளவு, மெல்வில் எழுதி, அடித்து, திருத்திய நிலையைக் காட்டுகின்றன. அவற்றை விரிவாக ஆராய்ந்த ஜான் பிரையன்ட், காட்டுமாந்தர் என்னும் பொருள்படும் சொல்லை மெல்வில் சில இடங்களில் அடித்துத் தீவினர் என்னும் பொருளுடைய சொல்லாக மாற்றியிருப்பதை எடுத்துக்காட்டினார். அச்சொல்லை அவர் முற்றும் விட்டுவிடவில்லை. இரண்டிற்கும் இடையே அவர் எழுதுகோல் ஊசலாடிற்று.

மெல்வில் சென்ற 1842-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தூப்பெத்தி-துவார் மார்க்கேசஸ் தீவுகளைத் தம் நாட்டின் உடைமை ஆக்கினார். கப்பல்களோடு வந்த நோய்களாலும் பிற கேடுகளாலும் மக்கள் தொகை விரைந்து சரிந்தது; பல பதினாயிரவராய் இருந்தோர் 1920-களில் ஏறத்தாழ இரண்டாயிரவரே ஆயினர். 1907-இல் ஜாக் லண்டன், இளமையில் ‘டைப்பி’யைப் படித்த வேட்கையால் அப்பள்ளத்தாக்கைத் தேடிச் சென்றார். ஆளற்ற கல்மேடைகளின்மேல் காடு மூடியிருந்தது. எஞ்சிய சிலரும் நோயுற்றிருந்தனர். இந்நிலையில் ‘டைப்பி’யின் பக்கங்களை அழிந்த வாழ்வொன்றின் ஆவணமாகக் கொள்ளும் வேட்கை எவர்க்கும் எழும். ஆனால் அவற்றுள் சில 1813-இல் ஊர்களை எரித்த போர்ட்டரின் கண்கள் கண்டவை என்பதை மறத்தலாகாது.

நூலின் இறுதிக்கு வருவோம். கடற்கரையில் ஓடம் காத்திருக்கிறது. தடுத்து நீந்திவரும் மௌ-மௌ என்னும் ஒற்றைக்கண் தலைவனின் தொண்டையில் டாமோ துறட்டுக்கோலை எறிந்து தப்புகிறான். வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குச் சான்று இல்லை; சாகசக் கதை வேண்டும் முடிவு அது. அதற்குச் சற்று முன்னர் வேறொரு நிகழ்ச்சி வருகிறது. முதியவர் மார்ஹேயோ அவன் தோளில் கைவைத்து, அவன் கற்பித்த இரண்டே ஆங்கிலச் சொற்களைத் தெளிவாக உச்சரிக்கிறார். ஒன்று வீடு என்னும் பொருளது. மற்றொன்று தாய் என்னும் பொருளது. அப்பள்ளத்தாக்கில் தங்கிய காலமெல்லாம் டைப்பிகளின் மொழியில் டாமோ கற்றது மிகக் குறைவு. அவனுடைய மொழியைக் கற்றவர் அம்முதியவரே.